அப்பா பேரில் துப்பாக்கி லைசென்ஸ்: சான்றிதழ் கேட்டு வந்த கடிதம்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கமுங்க. எனக்குச் சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை. வயது 44. அப்பாவும் அம்மாவும் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், தனியாக இருக்கிறார்கள். அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. பக்கத்துத் தோட்டத்துக்கே கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும். பல்லடம் பக்கமும் சிவகிரியிலும் நடந்ததைக் கேட்டதிலிருந்து எனக்கு ராத்திரி தூக்கமில்லை. அப்பா பேரில் ஒரு துப்பாக்கி லைசென்ஸ் வாங்கலாம் என்று இருக்கிறேன். பன்றி, மயில் தொல்லைக்கும் ஆகும். என் தம்பி டெக்சாஸில் இருக்கிறான். ‘இங்கே வீட்டுக்கு வீடு இருக்குதுண்ணா, தைரியமா வாங்கிக் குடு’ என்கிறான். விண்ணப்பத்தோடு மனநலம் பற்றி டாக்டர் சான்று வேண்டுமாம். தென்னையில் வெள்ளை ஈ விழுந்து மகசூல் போன சமயம், இரண்டு வருடத்துக்கு முன்னால், அப்பா மனசு சரியில்லாமல் 6 மாதம் மாத்திரை சாப்பிட்டார். அப்புறம் அவரே நிறுத்திக்கொண்டார். இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். பொழுது சாய்ந்தால் கொஞ்சம் குடிப்பார், தூக்கம் குறைவு. சில நேரம் ‘நான் போயிட்டா எல்லாம் சரியாப் போயிரும்’ என்பார். வயசானவர்கள் பேச்சு, நாங்கள் கண்டுகொள்வதில்லை. பழைய மாத்திரை விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா? சொல்லாமல் சான்று வாங்க வழி இருக்கிறதா?

பதில்:

அன்புள்ள தம்பி,

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சொல்லித்தான் ஆக வேண்டும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் படிவம் எஸ்-3 என்று ஒரு மருத்துவச் சான்று இருக்கிறது. உடல்நலம், மனநலம் இரண்டையும் பார்த்து, குடிக்கோ வேறு போதைக்கோ அடிமை இல்லை என்பதையும் சேர்த்து டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளதை மறைத்து வாங்கிய லைசென்ஸைப் பின்னால் ரத்து செய்ய 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலேயே இடம் உண்டு. மாத்திரை சாப்பிட்டது ஒரு குற்றமல்ல. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவது போலத்தான் அதுவும். மறைக்க வேண்டிய விஷயமே இல்லை அது. ஆனால் நீங்கள் கடிதத்தில் எழுதியிருப்பதை வைத்து, இன்றைய நிலையில் அந்தப் படிவத்தில் மனநல டாக்டரான நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொறுத்துப் படியுங்கள்.

உங்கள் பயம் நியாயமானது. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொன்றார்கள். 2025 ஏப்ரல் கடைசியில் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் வயதான கணவன் மனைவியைக் கொன்றார்கள். இரண்டுமே தனித் தோட்டத்து வீடுகள். என் அம்மாவும் தோட்டத்தில்தான் இருக்கிறார். சிவகிரிச் செய்தி வந்த அன்று ராத்திரி 10 மணிக்கு ஈரோட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போய், அவரைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நம் பக்கம் நிறையப் பேர் துப்பாக்கி லைசென்ஸ் வேண்டும் என்று பேச ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பெற்றவர்களை நினைத்துப் பயப்படுகிறவனுக்கு முதலில் தோன்றுவது ஆயுதம்தான்.

சரி, உங்கள் சாளையில் ஒரு ராத்திரியை நினைத்துப் பாருங்கள். மணி 2. மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கம் சத்தம். நாய் குரைக்கிறது. அப்பா 71 வயதில், கண்ணாடி போடாமல், தூக்கக் கலக்கத்தில் எழுந்திருக்கிறார். துப்பாக்கி எங்கே இருக்கிறது? முறைப்படி வைப்பதென்றால் தோட்டாவைக் கழற்றி, துப்பாக்கியை ஒரு பூட்டிலும் தோட்டாவை வேறு பூட்டிலும் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் சாவியைத் தேடி எடுத்து, திறந்து, தோட்டா போட்டு முடிப்பதற்குள் வந்தவன் உள்ளேயே வந்துவிடுவான். வந்தவர்கள் இரண்டு மூன்று பேராக இருந்தால் அந்தத் துப்பாக்கியே அவர்கள் கைக்குப் போகும். அவசரத்துக்கு உதவ வேண்டுமென்றால் தோட்டா போட்டுக் கட்டிலுக்கடியில் வைக்க வேண்டும். அப்படியென்றால் வருடத்தில் 365 நாளும் அது அங்கே இருக்கும். மே மாத லீவுக்கு உங்கள் பிள்ளைகள் வரும்போதும் இருக்கும். அப்பா குடித்துவிட்டுத் தூக்கம் வராமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் ராத்திரியிலும் இருக்கும். திருடன் வருவது ஒரு ராத்திரி. வராமலேகூடப் போகலாம். அப்பா தனியாகப் படுத்துக்கொண்டு யோசிப்பது ஒவ்வொரு ராத்திரியும்.

‘நான் போயிட்டா எல்லாம் சரியாப் போயிரும்.’ கண்டுகொள்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தயவு செய்து இன்றிலிருந்து கண்டுகொள்ளுங்கள். மகசூல் போன கவலை, பாதியில் நிறுத்திய மாத்திரை, தூக்கமின்மை, தினமும் குடி, அதற்கு மேல் இந்தப் பேச்சு. என் 30 வருட அனுபவத்தில் இவை ஐந்தும் ஓரிடத்தில் சேர்ந்தால் நான் வேறு எதைப் பற்றியும் பேசுவதற்கு முன்னால் இதைப் பற்றித்தான் பேசுவேன். வயசானவர்கள் சாவைப் பற்றிப் பேசுவது சகஜம், உண்மைதான். ஆனால் ‘எனக்குக் காலம் வந்துருச்சு’ என்பதும், தான் போனால் மற்றவர்களுக்கு நல்லது என்று நினைப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது, தன்னைக் குடும்பத்துக்குப் பாரம் என்று ஒரு மனுசன் நம்ப ஆரம்பித்துவிட்டதன் அடையாளம்.

என் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அந்தியூர்ப் பக்கம் என் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, தோட்டத்தில் ஒத்தைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. நிலக்கடலைக் காட்டுக்கு நரியும் பன்றியும் வருகிறதென்று வாங்கியது. லைசென்ஸ் எல்லாம் சரியாக இருந்தது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார், முடிந்ததும் போய் வாங்கிவருவார். ஆசாரத்து, அதாவது முன்கூடத்து, சுவரில் மாட்டியிருக்கும். ஒரம்பரை, சொந்தபந்தம் வந்தால் எடுத்துக் காட்டுவார். அதைப் பார்த்து எந்தத் திருடன் பயந்தான் என்று எனக்குத் தெரியாது. அது வீட்டில் இருந்த 20 வருடத்தில் ஒரு திருடனும் வரவில்லை. நான் எட்டாவது படிக்கும்போது, மஞ்சள் விலை விழுந்த ஒரு வருடம், என் சின்ன மாமன் அந்தத் துப்பாக்கியால் இறந்துபோனார். அவருக்கு 29 வயது. அன்று மத்தியானம்கூட என்னை சைக்கிளில் உட்கார வைத்துக் கடைக்குக் கூட்டிப் போனவர். சாயங்காலம் கடன்காரர் ஒருவர் வந்து களத்தில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த வருடமே விலை ஏறியது, கடனும் அடைந்தது. அப்பிச்சி அதற்குப் பிறகு 15 வருடம் இருந்தார். துப்பாக்கி மாட்டியிருந்த அந்த ஆணியைப் பிடுங்க யாரையும் விடவில்லை, அந்தச் சுவரைப் பார்த்து உட்காரவும் இல்லை. நான் மனநல மருத்துவம் படித்ததற்குக் காரணம் அந்த ஆணி என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

மாமன் பட்ட துக்கம் பெரியது. ஆனால் அது கடந்துபோகக்கூடிய துக்கம். அன்றைய ராத்திரி கைக்கெட்டும் தூரத்தில் அந்தப் பொருள் இருந்ததுதான் கடக்க விடாமல் செய்தது. மாமன்மேல் உள்ள பாசத்தில் மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் தம்பி இருக்கும் அதே டெக்சாஸில், ஹூஸ்டனில், உயிர் போகும் அளவுக்குத் தற்கொலைக்கு முயன்று பிழைத்த இளவயதுக்காரர்களிடம் விசாரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2001-இல் வெளிவந்தது. முடிவெடுத்ததற்கும் செய்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, ஏறக்குறைய நான்கில் ஒருவர் 5 நிமிடம்கூட இல்லை என்றார்கள். ஒருமுறை முயன்று பிழைத்தவர்களில் 10-க்கு 9 பேர் பிற்பாடு தற்கொலையால் சாவதில்லை. அந்த 5 நிமிடத்தைத் தாண்டவைத்துவிட்டால் பெரும்பாலும் ஆளைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் துப்பாக்கியால் முயன்றவர்களில் 10-க்கு 8, 9 பேர் பிழைப்பதே இல்லை. இரண்டாவது யோசனைக்கு அது இடம் கொடுப்பதில்லை.

உங்கள் தம்பி ‘வீட்டுக்கு வீடு இருக்குது’ என்றாரல்லவா? உண்மையில் வீட்டுக்கு வீடு இல்லை. ஆனால் ஆளுக்கு ஒன்றுக்கு மேல் கணக்கு வருகிற அளவுக்கு இருக்கிறது. 2017-இல் எடுத்த உலக மதிப்பீட்டில் அமெரிக்காவில் 100 பேருக்குச் சுமார் 120 துப்பாக்கி, இந்தியாவில் 100 பேருக்கு 5. அங்கே 2021 ஒரே வருடத்தில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். இதில் கொலை செய்யப்பட்டவர்கள் ஏறத்தாழ 21,000. தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள் 26,000-க்கும் மேல். நாம் டிவியில் பார்ப்பது பள்ளிக்கூடத்திலும் கடைவீதியிலும் நடக்கும் துப்பாக்கிச் சூட்டை. பாதிக்கு மேற்பட்ட சாவு படுக்கையறையிலும் கார் ஷெட்டிலும் சத்தமில்லாமல் நடக்கிறது. 2020-இலிருந்து அந்த நாட்டில் ஒரு வயது தாண்டிய பிள்ளைகளின் சாவுக்கு முதல் காரணமே துப்பாக்கிதான், சாலை விபத்துகூட அதற்கு அடுத்தபடிதான். ‘நல்லவன் கையில் துப்பாக்கி இருந்தால் கெட்டவனைத் தடுத்துவிடலாம்’ என்பது அங்கே அடிக்கடி சொல்லும் வாதம். 2022 மே மாதம் அதே டெக்சாஸில் யுவால்டி ஊர்ப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டபோது வந்து சேர்ந்த ஆயுதம் தாங்கிய அதிகாரிகள் 376 பேர். கொலையாளி இருந்த வகுப்பறைக்குள் போக அவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. பயிற்சி பெற்றவர்கள் நிலையே அது. நம் அப்பா ராத்திரி 2 மணிக்கு என்ன செய்வார்?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் நோயாளிகளுக்கு அநியாயம் செய்தவள் ஆவேன். எங்கேயாவது துப்பாக்கிச் சூடு நடந்தால் உடனே ‘மனநோயாளி’ என்று எழுதிவிடுகிறார்கள். அமெரிக்க ஆய்வுகளைக் கேட்டால், தீவிர மனநோயை முழுக்கக் குணப்படுத்திவிட்டாலும் அங்கே வன்முறை 4 சதவீதம் அளவுக்குத்தான் குறையும். மனசு நொந்தவர்கள் அடுத்தவரைத் தாக்குவது அபூர்வம். தங்களைத்தான் தாக்கிக்கொள்கிறார்கள். உங்கள் அப்பாவால் யாருக்கும் ஆபத்து என்று நான் சொல்லவில்லை. ஆபத்து அவருக்கு.

அப்படியானால் வன்முறை எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். நம் பக்கத்துக் கேஸ்களை நினைத்துப் பாருங்கள். வண்டித் தடத்தில் வேலி போட்டான், வாய்க்கால் முறைத் தண்ணீரை மடை மாற்றினான், அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் கிணற்றுக்குச் சண்டை, டாஸ்மாக் வாசலில் ஒரு வார்த்தை. இன்னொன்றையும் நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். சாதியை மீறிக் கல்யாணம் செய்த பிள்ளையை வெட்டினால்தான் கௌரவம் என்று நம்பியவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். 2016-இல் உடுமலைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் நடந்ததை நாடே பார்த்தது. இவற்றில் பெரும்பாலானவை முன்பின் தெரியாதவன் செய்வதில்லை. தெரிந்தவனும் சொந்தக்காரனும் பங்காளியும் கோபத்தில், குடியில், வீம்பில் செய்வது. கையில் தடி இருந்தால் மண்டை உடைகிறது, தையல் போடுகிறோம், ஆறு மாதத்தில் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். கையில் துப்பாக்கி இருந்தால் அப்புறம் பந்தி ஏது? 1993-இல் அமெரிக்காவில் மூன்று மாவட்டங்களில் செய்த ஆய்வு ஒன்று, துப்பாக்கி வைத்திருந்த வீடுகளில் கொலை நடக்கும் வாய்ப்பு மற்ற வீடுகளைப்போல் 2.7 மடங்கு என்று கண்டது. கொன்றவர்கள் பெரும்பாலும் குடும்பத்தினர் அல்லது நெருக்கமானவர்கள். துப்பாக்கியால்தான் அப்படி ஆனதா, ஏற்கெனவே சண்டை சச்சரவு உள்ள வீட்டுக்காரர்கள் வாங்கிவைத்தார்களா என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் வீட்டைப் பாதுகாத்தது என்று அந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை.

பொருளை எட்டாமல் வைத்தால் போகிறவன் வேறு வழியில் போகமாட்டானா என்று என்னிடம் கேட்காத குடும்பமில்லை. பெரும்பாலும் போவதில்லை. இஸ்ரேல் ராணுவத்தில் இளம் வீரர்கள் வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது துப்பாக்கியைக் கொண்டுபோவது வழக்கம். 2006-இல் அதை நிறுத்தினார்கள். தற்கொலை 40 சதவீதம் குறைந்தது. குறைந்ததெல்லாம் பெரும்பாலும் வார இறுதியில்தான். வார நாளில் வேறு வழியில் கூடிவிடவில்லை. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 20 வருடத்தில் தற்கொலை ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. விவசாயிகளின் கடனும் கவலையும் அங்கேயும் அப்படியேதான் இருந்தன.

அதனால் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். சாளையில் பூச்சிமருந்து, எலி மருந்து எங்கே இருக்கிறது என்று பார்த்து, பயன்படாததை அகற்றிவிட்டு, மீதியைப் பூட்டிச் சாவியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும் நாளில் வந்து எடுத்துக் கொடுங்கள். ‘எதுக்கு?’ என்று அப்பா கேட்டால் பொய் சொல்லாதீர்கள். ‘நீங்க பேசுற பேச்சு எனக்குப் பயமா இருக்குதுங்கப்பா’ என்று சொல்லுங்கள். ‘சாகணும்னு தோணுதுங்களா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாக ஆகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. கேட்க ஒரு ஆள் கிடைத்ததே என்று அழுதவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

திருட்டுப் பயத்துக்கு வருகிறேன். இதில் நான் நிபுணர் அல்ல, தோட்டத்தில் அம்மாவை வைத்திருக்கும் ஒரு மகளாகச் சொல்கிறேன். உங்கள் எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்துக்கு நேரில் போய், தனியாக இருக்கும் முதியவர்கள் என்று பெயரையும் இடத்தையும் பதிவு செய்யுங்கள், ரோந்து வருகிறவர்கள் உங்கள் சாளைக்கும் வந்து போகும்படி கேளுங்கள். நகையை பேங்க் லாக்கருக்கு மாற்றுங்கள். கொப்பரை விற்ற பணம் கணக்குக்கு வரட்டும். வீட்டில் ரொக்கமும் தங்கமும் இல்லை என்பது வேலைக்கு வருகிறவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் தெரிவது நல்லது. ஆசாரத்துக்கும் கட்டுத்தரைக்கும் இரும்பு கிரில். கரண்ட் போனாலும் எரியும் சோலார் விளக்கு நாலு மூலையிலும். நாங்கள் கடைசியாகச் செய்ததுதான் மிகவும் உதவியது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச், அழுத்தினால் கூரைமேல் சைரன். சுற்றியுள்ள ஆறு தோட்டக்காரர்களும் சேர்ந்து ஆளுக்கொன்று மாட்டினோம், ஒன்று ஊளையிட்டால் மற்ற ஐந்து வீட்டிலும் விளக்குப் போட்டு சத்தம் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. இந்தச் செலவெல்லாம் ஒரு நல்ல துப்பாக்கி விலைக்குள் முடியும். அவசரத்துக்கு 112 எண்ணை அம்மாவின் போனிலும் போட்டுக்கொடுங்கள்.

எனக்கு மனசில் படுவதையும் சொல்கிறேன். நம் அப்பாரு காலத்தில் வளவில் நாலு குடும்பம் இருந்தது. ராத்திரி ஒரு இருமல் கேட்டால் பக்கத்து வாசலில் கேட்பார்கள். இப்போது ஆளுக்கொரு தோட்டத்தில் சாளை, பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும் டெக்சாஸிலும். திருடனுக்கு வேண்டியதும் அந்தத் தனிமைதான், உங்கள் அப்பாவைத் தின்றுகொண்டிருப்பதும் அந்தத் தனிமைதான். ஊரைத் துறந்து வாருங்கள் என்று சொல்லவில்லை. எனக்கே முடியவில்லை. வெள்ளகோவில் திருப்பூருக்கு அடுத்த கண்டத்தில் இல்லை. வாரம் இரண்டு ராத்திரி சாளையில் படுங்கள். உங்கள் தம்பி தினமும் ஒரு நேரம் வைத்து அப்பாவைக் கூப்பிட்டுப் பேசட்டும், துப்பாக்கியைப் பற்றி அல்ல, தென்னையைப் பற்றி. குடியானவர் குடும்பம் ஒன்றைத் தோட்டத்திலேயே குடிவைக்க முடியுமா என்று பாருங்கள்.

பன்றி விஷயம். காட்டுப்பன்றியைச் சுட வேண்டியது வனத்துறையின் வேலை. 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நிலத்தில் பன்றி புகுந்தால் மனுக் கொடுத்து வனத்துறையினரை வரவழைக்கலாம். நாமே சுட்டால் நம்மேல்தான் வழக்கு. மயில் தேசியப் பறவை, அதைச் சுடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சட்டப்படி உங்களுக்கு உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. தற்காப்புக்காக நீளக் குழல் துப்பாக்கி கேட்டு ஒரு குடிமகன் விண்ணப்பிக்கலாம், கலெக்டர் போலீஸ் அறிக்கையைப் பார்த்து முடிவு செய்வார். அப்பாவுக்குக் கிடைக்காவிட்டால் உங்கள் பேரில் வாங்கி அப்பாவிடம் கொடுத்து வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதில் அப்பாவும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள்.

இன்னொன்று கவனித்தீர்களா? கடிதத்தில் அப்பா பேசுகிறார், தம்பி பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள். அம்மா ஒரு இடத்திலும் வாய் திறக்கவில்லை. அந்தச் சாளையில் ராத்திரி அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவர் அவர்தான். அப்பா எத்தனை மணிக்கு எழுந்து வாசலில் உட்காருகிறார், குடித்தபிறகு என்ன பேசுகிறார் என்று அவருக்குத்தான் தெரியும். வீட்டில் துப்பாக்கி வேண்டுமா என்று அவரிடம் யாராவது கேட்டீர்களா?

வருகிற சனிக்கிழமை இருவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். நான் இல்லாவிட்டாலும் மனநலப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனை ஒன்றில் காட்டுங்கள். அதுவரை ராத்திரி ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். அப்பாவிடம் சான்றிதழுக்கு என்று சொல்லிக் கூட்டி வர வேண்டாம், தூக்கம் வரவில்லை என்பதற்காக என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட. பழைய மாத்திரைச் சீட்டு இருந்தால் எடுத்துவாருங்கள். அப்பாவைப் பார்த்த பிறகு நீங்கள் அவரைக் காபி குடிக்க வெளியே கூட்டிப் போங்கள். அம்மாவோடு எனக்கு ஒரு பத்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும்.